தெருவே பந்தி: வடசென்னையின் திறந்தவெளிச் சாப்பாடு

வடசென்னைக்காரர்கள் வெளியே உட்கார்ந்து சாப்பிடுவதைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் மணலில் தொடங்க வேண்டும். அதாவது அங்கே இல்லாத மணலில். மெரினாவில் ஒரு ஊரே பாய் விரித்துச் சாப்பிடலாம், அவ்வளவு மணல். ராயபுரம் தாண்டித் திருவொற்றியூர், எண்ணூர் என்று வடக்கே போனால் பெரும்பாலும் கருங்கல் கொட்டிய கரைதான். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. 1870-களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கினார்கள். இந்தக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும். சுவர் குறுக்கே வந்ததும் மணல் தெற்குப் பக்கம் தங்கிவிட்டது, மெரினா அகலமானது. வடக்கே வரவேண்டிய மணல் வராமல் போகவே கடல் கரையை அரித்தது. குப்பங்களில் வீடுகள் போயின. அதன் பிறகுதான் கல் கொட்டினார்கள்.

ஆக, நகரத்தின் தென்பாதிக்கு உல்லாசக் கடற்கரை கிடைத்த அதே வேளையில் வடபாதிக்குக் கற்சுவர் கிடைத்தது. அதற்காக யாரும் வீட்டில் அடைந்து கிடக்கவில்லை. சாயங்காலம் திருவொற்றியூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள், கல்லுக்குக் கல் ஆள் உட்கார்ந்திருக்கும், மடியில் சுண்டல் பொட்டலமோ மிளகாய் பஜ்ஜியோ இருக்கும். ஆனால் இந்தப் பக்கத்தின் நிஜமான திறந்தவெளிச் சாப்பாட்டு மேடை கடற்கரை இல்லை, தெரு. அதை அப்படி ஆக்கியவை வீடும் வேலையும்.

முதலில் வீடு. பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் ஸ்டோர் வீடுகள் என்று உண்டு. நடுவில் ஒரு பொது முற்றம், ஒரு குழாய், சுற்றிலும் ஒற்றை அறைக் குடித்தனங்கள். பிறகு வந்த வாரியக் குடியிருப்புகளிலும் நிலைமை பெரிதாக மாறவில்லை: சமைக்கிற இடமும் படுக்கிற இடமும் நாலடி தள்ளி. மே மாதத்தில் அடுப்பு எரிந்து முடித்த அந்த அறையில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. தட்டை எடுத்துக்கொண்டு வாசற்படிக்கு வந்தே ஆக வேண்டும். வந்தால் எதிர்வீட்டு அக்காவும் தட்டோடு உட்கார்ந்திருப்பார். "இன்னா கொழம்பு?" என்று ஒரு கேள்வி. அடுத்த நிமிஷம் ஒரு கிண்ணம் தெருவைக் கடக்கும். கிண்ணத்தைக் காலியாகத் திருப்பித் தருவது மரியாதை இல்லை என்பதால் மறுநாள் அதே கிண்ணத்தில் வேறு ஏதாவது திரும்பி வரும். இதற்குப் பிக்னிக் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. ஆனால் காற்று, பேச்சு, அடுத்தவர் வீட்டு ருசி என்று பிக்னிக்கில் தேடுகிற எல்லாமே இதில் இருக்கிறது.

அடுத்தது வேலை. துறைமுகம், ராயபுரம் ரயில் நிலையம், பெரம்பூர் ரயில் பணிமனைகள், பின்னி ஆலை, பிற்காலத்தில் எண்ணூர், மணலித் தொழிற்சாலைகள் என்று நகரத்தின் பாரம் தூக்குகிற வேலையெல்லாம் வடக்கே குவிந்தது. சாப்பாட்டு நேரம் இங்கே ஒரு அரசியல் பிரச்சினையாகவே இருந்திருக்கிறது. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கப்பட்டது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று பலரும் இதைத்தான் குறிப்பிடுவார்கள். பி.பி.வாடியா தலைவர், செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் அவரை அழைத்து வந்தவர்கள். ஆலைத் தொழிலாளர்கள் அவரிடம் முதலில் வைத்த குறைகளில் ஒன்று, மதிய இடைவேளை அரை மணி நேரம்தான் என்பது. வெளியே வந்து, கை கழுவி, சாப்பிட்டு, திரும்ப ஓடிப்போய் நிற்க அது போதவில்லை. சங்கம் என்றதும் கூலி உயர்வும் வேலைநிறுத்தமும்தான் நினைவுக்கு வரும். ஒரு வாய்ச் சோற்றை நிதானமாகச் சாப்பிட நேரம் கேட்டதும் அந்தச் சரித்திரத்தில் உண்டு. எனக்கு அந்தப் பகுதிதான் கூலிக் கணக்கைவிட நெருக்கமாகத் தெரிகிறது.

அந்த அரை மணி நேரத்துக்கு ஏற்றபடி உருவானதுதான் தள்ளுவண்டிச் சாப்பாடு. கையேந்தி பவன் என்று இன்றும் கிண்டலாகச் சொல்கிறோம். கொஞ்சம் கவனித்துப் பார்த்தால் நின்றுகொண்டே சாப்பிடுவதற்கென்றே அந்த உணவு செய்யப்பட்டிருப்பது தெரியும். இடது கை தட்டுக்கு, வலது கை வாய்க்கு, பை இரண்டு காலுக்கும் நடுவில். கிண்ணம் வைக்க இடம் கிடையாது. அதனால் சாம்பார் இட்லியின் மேலேயே விழும், சட்னி அதற்கு மேலே. ஐந்தாறு வகை கூட்டு பொரியல் எல்லாம் இந்த ஏற்பாட்டில் நிற்காது. கொத்தவால்சாவடியில் காய்கறிச் சந்தை இருந்த காலத்தில் மூட்டை இறக்குகிறவர்களுக்கு விடியலுக்கு முன்பே இப்படி இட்லி கிடைத்தது. 1996-ல் சந்தை கோயம்பேட்டுக்குப் போய்விட்டாலும் பாரிமுனைத் தெருக்களின் அந்த நேரக்கணக்கு முழுதாக மாறவில்லை.

வண்டிகளில் எனக்கு முதலிடம் கூழ் வண்டிக்குத்தான். பங்குனி வெயில் ஏறியதும் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, மூலக்கொத்தளம் என்று மரத்தடி கிடைத்த இடத்திலெல்லாம் நிற்கும். பானைக்கு மேல் ஈரத்துணி, பக்கத்தில் மோர், அதைச் சுற்றித் தட்டுத் தட்டாகத் தொட்டுக்கொள்ள வேண்டியவை: மோர்மிளகாய், சின்ன வெங்காயம், கொத்தவரங்காய் வற்றல், மிளகாய்த்தூள் போட்ட மாங்காய்ப் பத்தை, வறுத்த நெத்திலிக் கருவாடு. கூழ் என்னவோ எளிய சாப்பாடுதான், ஆனால் அவசர வேலையில்லை. கேழ்வரகு மாவைக் கரைத்து ஒரு ராத்திரி புளிக்க விட வேண்டும். மறுநாள் அரிசி நொய்யை வேகவைத்து அதில் இந்தக் கரைசலை ஊற்றிக் கட்டி தட்டாமல் கிளற வேண்டும். வெந்ததை இறக்கி இன்னொரு ராத்திரி வைத்தால்தான் காலையில் உப்பும் மோரும் விட்டுக் கரைக்கப் பதமாகும். இரண்டு ராத்திரிப் புளிப்புதான் அதன் ருசி. கேழ்வரகில் நூறு கிராமுக்கு முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, அரிசி பக்கத்தில்கூட வராது. மூட்டை தூக்குகிறவருக்கு அதைவிட முக்கியம் வேறு: வயிறு கனக்காமல் பசி தாங்கும், வியர்வையில் போன உப்பும் நீரும் ஒரே சொம்பில் திரும்பிவிடும்.

வண்டிக்காரம்மா பானைக்குள் கையை விட்டு ஒரு உருண்டை எடுப்பார். சொம்பில் போட்டு, மோர் ஊற்றி, விரல்களாலேயே நசுக்கிக் கரைப்பார். "கெட்டியா வோணுமா, தண்ணியா வோணுமா?" என்று ஒரு பார்வை. "தண்ணியா குடுக்கா, கருவாடு ரெண்டு சேத்து வை." பொதுவாகக் கருவாட்டுக்குத் தனிக் காசு உண்டு, வெங்காயத்துக்குக் கிடையாது. ஆட்டோ ஓட்டுகிறவர், பைக்கில் வந்த ஐ.டி. கம்பெனி அடையாள அட்டைக்காரர், பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன் எல்லோரும் அதே நிழலில், அதே மாதிரிச் சொம்போடு நிற்பார்கள். நிழல் சுருங்கச் சுருங்கக் கூட்டமும் நகரும்.

ஆடி பிறந்தால் அதே கூழ் கோயிலுக்குப் போய்விடுகிறது. ஜூலை நடுவில் தொடங்கி ஒரு மாதம், ஞாயிற்றுக்கிழமை தோறும் ஏதோ ஒரு தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். தெரு முனையில் வேப்பிலைத் தோரணம், சீரியல் செட், காது கிழியும் ஸ்பீக்கர். தூக்குவாளி, சொம்பு, குடம், சில வீடுகளில் பிளாஸ்டிக் பக்கெட் என்று கையில் கிடைத்ததோடு வரிசை நிற்கும். வாங்கியவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போகவே மாட்டார்கள், அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து குடித்துவிடுவார்கள். ராத்திரி கும்பம் போடும்போது சோறு, முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு எல்லாம் அம்மன் முன்னால் குவியும். பிறகு மாரியம்மனாக வணங்கப்பட்ட ரேணுகா, தீயில் வெந்து வேப்பிலையை உடுத்திக்கொண்டு, ஊரார் கொடுத்த மாவைக் கூழாக்கிக் குடித்தாள் என்று இதற்குக் கதை சொல்வார்கள். கதை ஒரு பக்கம் இருக்கட்டும். தெருவில் வேலை இல்லாதவர், வருமானம் நின்றவர் யாராக இருந்தாலும் அன்றைக்குப் பாத்திரத்தை நீட்டக் கூச்சப்பட வேண்டியதில்லை. வாங்குகிற எல்லோரும் அம்மனிடம் வாங்குகிறார்கள்.

கூழ் இந்த மண்ணிலேயே விளைந்த பழக்கம். கப்பலில் வந்த பழக்கமும் ஒன்று உண்டு, அத்தோ என்கிற பர்மிய நூடுல்ஸ். பர்மாவில் தலைமுறைகளாக வாழ்ந்த தமிழர்கள் 1962 ராணுவ ஆட்சிக்குப் பிறகு, கடைகளும் தொழில்களும் அரசுடைமையானபோது, கையில் கொஞ்சம் துணிமணியோடு சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். வியாசர்பாடிப் பக்கம் பலர் குடியேறினார்கள். பிழைப்புக்குத் துறைமுகத்தை ஒட்டிய நடைபாதையில் கடை போட்டார்கள், அதுதான் பர்மா பஜார். பஜாருக்குப் பின்னால் செகண்ட் லைன் பீச் சாலையில் சாயங்காலம் ஆனால் அத்தோ வண்டிகள் வரிசை கட்டும்.

அத்தோவை அடுப்படியில் முடித்து எடுத்து வந்து வைக்க முடியாது, ஆளின் கண்முன்னால்தான் கலக்க வேண்டும். வெந்து ஆறிய ஆரஞ்சு நிற நூடுல்ஸ் ஒரு பிடி. மெலிசாகச் சீவிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பூண்டு வதங்கிய எண்ணெய், புளித்தண்ணி, பொட்டுக்கடலை மாவு, மிளகாய்த்தூள், உப்பு, கொத்தமல்லி. எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டு வெறுங்கையால் பிசைவார்கள். கடைசியில் ஒரு தட்டையை நொறுக்கி மேலே தூவி, பொரித்த வெங்காயம் கொஞ்சம். "காரம் தூக்கலாண்ணா?" என்று கேட்டுக்கொண்டே அடுத்த கிண்ணத்துக்கு நூடுல்ஸ் விழுந்திருக்கும். தட்டை ஊறுவதற்குள் சாப்பிட்டாக வேண்டும், அதனால்தான் அத்தோ பார்சல் வாங்கிப் போனால் ருசி பாதி போய்விடுகிறது. கூடவே வாழைத்தண்டு போட்ட சூப் ஒரு கிண்ணம், தீர்ந்தால் இன்னொரு தரம் ஊற்றுவார்கள். வயிற்றைக் கீறி வறுத்த வெங்காயமும் பூண்டு எண்ணெயும் அடைத்த அவித்த முட்டையை நிற்கிற நிலையிலேயே ஒரே வாயில் போடுவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். ரங்கூனில் இருந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் தமிழ் மட்டும் பேசி வளர்ந்துவிட்டார்கள். பர்மா அவர்களிடம் மிச்சமிருப்பது பெரும்பாலும் இந்தக் கிண்ணத்தில்தான்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் சவுகார்பேட்டை. தங்கசாலைத் தெருவில் ராத்திரி ஜிலேபி, பாதாம் பால், முறுக்குகளுக்கு நடுவில் சட்னியும் காய்த்துண்டும் வைத்த முறுக்கு சாண்ட்விச் என்று வேறொரு உலகம். மார்வாடி ஊர்ச் சாட் வகைகள் தமிழ் முறுக்கோடு சம்பந்தம் பண்ணிக்கொண்ட இடம். அதைப் பற்றி வீடியோக்கள் ஏராளமாக வந்துவிட்டதால் இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

காசிமேடு வேறு கணக்கு. மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விடியலுக்கு முன்பே சூடு பிடித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க வருகிற கூட்டத்தில் கால் வைக்க இடமிருக்காது. சுற்றிலும் பெரிய இரும்புக் கல்லைப் போட்டு மீன் வறுக்கிற கடைகள். சிவப்பாக மசாலா தடவிய சங்கரா, வஞ்சிரத் துண்டு, எறா, கடம்பா எல்லாம் தட்டில் அடுக்கியிருக்கும், கையைக் காட்டினால் கல்லில் விழும். மசாலாவில் இருக்கிற அரிசி மாவும் எலுமிச்சையும்தான் மேல்தோலை மொறுமொறுப்பாக்குகிறது. மீன் புதுசாக இருந்தால் உள்ளே சதை அடுக்கடுக்காகப் பிரியும், பழசானால் மாவாகக் குழையும். அதைக் கண்டுபிடிக்க விரலே போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த மாதங்களில் ஃபைபர் படகு மீனும் வெளியூர் ஐஸ் மீனும்தான். விலை ஏறும், துண்டு சிறுக்கும். வறுவல் கடைகளின் வருமானம் கடலின் நாட்காட்டியோடு ஏறி இறங்குகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது அந்தப் பக்கத்து மீனவர்களின் பிழைப்பே நின்றது. ஆற்றில் நண்டும் இறாலும் எடுத்துச் சமைத்துக் கரையிலேயே சாப்பிட்டு வாழ்ந்த ஊர் அது. தொழிற்சாலைக் கழிவும் சாம்பலும் அந்தச் சாப்பாட்டை ஏற்கெனவே பல வருடமாக அரித்துக்கொண்டுதான் இருந்தன.

கட்டுச்சோறு இல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. காணும் பொங்கலன்று வடசென்னையிலிருந்து மெரினாவுக்கும் தீவுத்திடலுக்கும் போகிற குடும்பங்களின் பைகளைத் திறந்தால் பெரும்பாலும் புளிசாதமும் தயிர்சாதமும்தான். குளிர்பெட்டி இல்லாத காலத்து அறிவு இது. புளியின் அமிலம் கிருமிகளை லேசில் வளர விடாது, நல்லெண்ணெய் சோற்றின் மேல் பூசிக்கொண்டு அதைக் காயவிடாது. சோற்றைத் தாம்பாளத்தில் கொட்டி நன்றாக ஆறவிட்ட பிறகே கிளறுவார்கள். சூட்டோடு மூடினால் நீர் கோத்து ஊசிப்போகும். தயிர்சாதத்துக்கு வேறு உத்தி. காலையில் பாலைத் தாராளமாக ஊற்றி ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்ப்பார்கள். மத்தியானம் பொட்டலம் பிரிக்கிற நேரத்துக்கு அது தானாகவே தயிராகியிருக்கும், புளித்திருக்காது. வாழையிலையில் சூட்டோடு கட்டினால் இலை வாசமும் சோற்றில் இறங்கும் என்று சிலர் சொல்வார்கள். ஊசிப்போகிற ஆபத்தும் அதில்தான் என்பதால் நான் ஆறவிடுகிறவர்கள் கட்சி. அன்றைக்குக் கடலில் இறங்கக் கூடாது என்று போலீஸ் தடுப்புக் கட்டிவிடும். கடலைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவதுதான் மொத்த நிகழ்ச்சியும்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு மொட்டை மாடி. பௌர்ணமி ராத்திரியில் அம்மாவோ ஆயாவோ பெரிய குண்டானில் சோற்றையும் மிச்சக் குழம்பையும் பிசைந்து, சுற்றி உட்கார்ந்த பிள்ளைகளின் உள்ளங்கையில் ஆளுக்கொரு உருண்டை வைக்கும் நிலாச்சோறு. தட்டு இல்லாததால் யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று கணக்குத் தெரியாது. சாப்பிடப் படுத்துகிற பிள்ளைகூட இரண்டு உருண்டை கூடுதலாகச் சாப்பிட்டுவிடும். குறைந்த குழம்பை நிறையப் பேருக்குப் பங்கிட இதைவிடச் சாமர்த்தியமான வழி இல்லை.

மண்ணடியில் ரம்ஜான் மாதம் வந்தால் தெருவின் பகலும் இரவும் இடம் மாறும். அசர் என்கிற பிற்பகல் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலில் நோன்புக் கஞ்சிக்குத் தூக்கு வாளிகள் வரிசை. நோன்பு வைக்காத பக்கத்து வீட்டுக்காரர்களும் அந்த வரிசையில் நிற்பது சாதாரணம். பச்சரிசி, பாசிப்பருப்பு, கொஞ்சம் கறி, வெந்தயம், தேங்காய்ப்பால் சேர்ந்த அந்தக் கஞ்சிக்கு வடையைத் தொட்டுக்கொள்வது எங்கள் பக்கத்துக் கட்டாயம். இரவுத் தொழுகை முடிந்ததும் சமோசா, ஹலீம், கபாப் கடைகள் நடுநிசி தாண்டியும் ஓடும்.

கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்றால் தெருவே அடைபடும். ஷாமியானா பந்தல், வாடகை நாற்காலி, ஓரத்தில் செங்கல் அடுக்கிய விறகு அடுப்பில் பிரியாணி தேக்சா. தண்ணீர் வற்றுகிற பதத்தில் மூடியைப் போட்டு, விளிம்பை அடைத்து, அடுப்பின் கங்கை வாரி மூடியின் மேல் கொட்டுவார்கள். அதுதான் தம். மூடி திறக்கும்வரை சமையல்காரரான பண்டாரி யாரோடும் முகம் கொடுத்துப் பேச மாட்டார். இந்த வாசம் தெருவுக்குள் எல்லா வீட்டுக்கும் போகும் என்பதால் பத்திரிகை வைக்காத வீட்டுக்கும் ஒரு தட்டு போயாக வேண்டும். மண்டபத்தில் செய்கிற கல்யாணத்தில் அந்த நிர்ப்பந்தம் இல்லை. மண்டபங்கள் பெருகப் பெருக இந்தத் தட்டு குறைந்துவருவதை வசதி என்று கணக்கு வைப்பதா நஷ்டம் என்று வைப்பதா, எனக்கு நஷ்டம்தான்.

இதில் பெண்களின் இடம் விசித்திரமானது. கூழ் வண்டி, இட்லிக் கடை, மீன் வறுவல் என்று பாதிக்கு மேல் கை பெண்களுடையதாகத்தான் இருக்கும். ஆனால் வண்டிக்கு எதிர்ப்பக்கம் நின்று சாப்பிடுகிற கூட்டத்தில் பெண்கள் நீண்ட காலம் குறைவு. பார்சல் வாங்கிப் போவார்கள். இப்போது கல்லூரிப் பெண்கள் தோழிகளோடு அத்தோ வண்டியில் நிற்பதைப் பார்க்கிறோம். கூலி வேலை முடிந்து தனியாக வருகிற நடுவயதுப் பெண் நின்று சாப்பிடுவது இன்னும் அபூர்வம்.

தட்டும் மாறிவிட்டது. முன்பெல்லாம் எவர்சில்வர் தட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளைப் போட்டுத்தான் தோசை வைப்பார்கள். சாப்பிட்டதும் தாளை உருவி எறிந்தால் தட்டுக் கழுவத் தண்ணீர் தேவையில்லை. தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பெயர் போன நகரத்தில் அது சோம்பேறித்தனம் என்று மட்டும் சொல்ல முடியாது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்ததும், நல்ல கடைகள் வாழையிலைத் துண்டுக்கு மாறின. மற்றவை பழைய தாளை ஒளித்துவைத்து எடுக்கின்றன. 2014 தெரு வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. ஊருக்கு ஊர் அமைக்கும் விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். சட்டம் கடையைத்தான் நினைக்கிறது, சாப்பிடுகிறவரை நினைக்கவில்லை. அவர் கை கழுவ ஒரு குழாய், உட்கார ஒரு திண்டு, இலையைப் போட ஒரு தொட்டி, மழைக்கு ஒதுங்க ஒரு தகரக் கூரை. விற்பனை மண்டலம் என்று பலகை நடுகிற இடங்களில் இந்த நாலும் சேர்ந்து வந்திருக்கிறதா என்று பாருங்கள். குழாய் இருந்தால் தண்ணீர் இருக்காது, தொட்டி இருந்தால் அது வண்டியை ஒட்டியே இருக்கும்.